ராகி சரிதான்

என் மகள் பிறந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் கொடுத்த இருபத்தாறு வார விடுப்பில் ஆறு வாரம் கூரையைப் பார்த்தபடியே கழிந்தது. மிச்சம் இருபது வாரம். அதாவது குழந்தைக்கு நாலரை மாதம் முடிந்து சில நாளிலேயே நான் வேலையில் போய் உட்கார வேண்டும். குழந்தை மருத்துவரோ ஆறு மாதம் முடிகிறவரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நடுவில் நாற்பது நாள் சொச்சம். விடுப்புக்குச் சட்டம் எழுதியவரும் குழந்தை மருத்துவரும் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்திருந்தால் அந்த நாற்பது நாள் என் தலையில் வந்து விடிந்திருக்காது.

பாலைக் கறந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் யாராவது கொடுக்கப் போகிறார்கள், இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கேட்டவர்கள் யாரும் என் மகளைப் பார்த்ததில்லை. பாட்டிலைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ரப்பர் உதட்டில் பட்டால் வீடே இரண்டுபடும். ஐந்து விதமான பாட்டில் வாங்கினோம். கணவர் கொடுத்துப் பார்த்தார், நான் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டேன், பால்கனியில் காக்கா காட்டிக் கொடுத்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. கணவருக்குப் பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஆறரைக்கு அல்சூரில் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியும். எங்கள் இருவர் வீட்டிலிருந்தும் வந்து தங்கக்கூடிய நிலையில் யாரும் இல்லை.

வேலையை விட்டுவிடேன், என்ன குறைந்துவிடப் போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். குறையும் என்று எனக்குத் தெரியும். நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு, அது எனக்குப் பிடித்த பிழைப்பும்கூட. அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் நாற்பது வயதில் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். என் மேலாளர் போனில் மிகவும் தன்மையாகப் பேசினார். அவசரமே இல்லை, நிதானமாக யோசித்து இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார். ஆக, என் மகள் என்னைத் தவிர இன்னொருவர் கையால் பால் குடிப்பாளா மாட்டாளா என்பதில்தான் என் வேலை இருந்தது.

மகளை விடுவதற்கு நான் பார்த்து வைத்த குழந்தைகள் காப்பகம் ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. உரிமையாளர் ஒரு கன்னட அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, விரலில் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கிற ஒரு சாவிக்கொத்து. கைக்குழந்தைகள் அறையை முழுக்கப் பார்த்துக்கொண்டது வேறொருவர். அவரை அங்கே எல்லோரும் அக்கா என்றார்கள். குழந்தைகளும் அக்கா, பெற்றோரும் அக்கா, பால் போடுகிறவரும் அக்கா. அவருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. நானும் அக்கா என்றேன். அவரும் என்னை அக்கா என்றார். கடைசிவரை இரண்டு பேரும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். பெங்களூரில் இதற்கு யாரும் வயது கேட்பதில்லை.

ஒல்லியான உடம்பு. வலது தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. அல்சூர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் தக்கினி உருது, காப்பகத்தில் பாட்டுப் பாடுகிற அளவுக்கு ஆங்கிலம். அழுகிற குழந்தையை அதன் வீட்டுப் பேச்சில்தான் சமாதானப்படுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு குழந்தையிடம் அழாதே என்று கன்னடத்தில் "பேடா கந்தா, அளபேடா" என்பார். திரும்பி அடுத்த தொட்டிலிடம் "ஏன்டி தங்கம், என்னா கோவம்" என்பார். ஒரு வாக்கியத்தை ஒரு மொழியில் தொடங்கி இன்னொரு மொழியில் முடிப்பார். எந்த இடத்தில் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. எனக்கு ஊர் மயிலாடுதுறைப் பக்கம். பெங்களூருக்கு வந்து பத்து வருடம் ஆகியும் ஆட்டோக்காரரிடம் பேசுகிற கன்னடம்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவர் பாதி வழியில் தமிழுக்கு வந்துவிடுவார்.

அவர் குழந்தையை வாங்குகிற விதத்தைத்தான் முதலில் கவனித்தேன். என் மகளைக் கொண்டுபோன அன்று அவர் கையை நீட்டவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்து என்னோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குழந்தை இருப்பதே தெரியாதவர் மாதிரி. கால் மணி நேரம் கழித்து என் மகள் தானாக அவர் பக்கம் சாய்ந்து துண்டைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் வாங்கினார். பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிப் பிடுங்கிக்கொண்டு போனதையே பார்த்திருந்த எனக்கு அது ஒரு வித்தையாகத் தெரிந்தது.

ஆனால் பால் விஷயத்தில் அவர் வித்தையும் முதல் வாரத்தில் பலிக்கவில்லை. பழகட்டும் என்று தினம் ஒரு மணி நேரம் கொண்டுபோய் விட்டேன். நான் கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது என் மகள் அழுது அழுது குரல் கம்மி விக்கிக்கொண்டிருந்தாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, அதன் பின்னால் நாலு பைக் ஹார்ன். அந்த இரைச்சலில் திரும்பி நின்று அவரிடம் கேட்டேன்.

"அக்கா, பால் குடிக்க மாட்டேங்கறா. ராகி ஏதாவது குடுக்கலாமா?"

"ராகி சரிதாங்க்கா" என்றார் அவர். "இங்க எல்லாருக்கும் அதேதான் குடுக்கறது."

எனக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிய மாதிரி இருந்தது. ராகி சரிதான். எல்லோருக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் வேலையில் நான் யார் எது சொன்னாலும் எழுத்தில் கேட்டு வாங்கியவள். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அன்று எனக்கு வேண்டிய பதில் காதில் விழுந்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

சனிக்கிழமை காலை தெருமுனைக் கடையில் ராகி மாவு வாங்கினேன். களி கிண்டுவதற்காக விற்கிற மாவு. எங்கள் பக்கம் நெல் விளைகிற ஊர். ராகி என்றால் எனக்கு அதன் நிறம் மட்டும்தான் தெரியும். ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டேன். கட்டி தட்டியது, நசுக்கினேன். ஆறவைத்து மகளை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்பூனை வாயில் வைத்தேன். நாக்கால் வெளியே தள்ளினாள். வழித்துத் திரும்ப வைத்தேன், திரும்பத் தள்ளினாள். என்னையே உரித்து வைத்த பிடிவாதம் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் போதும் விடேன் என்றார். நான் விடவில்லை. ஆறு ஸ்பூன் முடிவதற்குள் அவளுக்குப் புரையேறி, இருமி, குடித்த பால் உட்பட எல்லாமே என் மேல் வந்தது. பயந்துபோய் நிறுத்தினேன். உள்ளே போன கொஞ்சமே அதன் வேலையைக் காட்டியது. இரண்டு நாள் வயிறு கல்லாக இருந்தது. காலை மடக்கி மடக்கி அழுதாள்.

திங்கட்கிழமை காலை மருத்துவரிடம் ஓடினோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார்.

"யாரு குடுக்கச் சொன்னது?"

"கிரஷ்ல சொன்னாங்க டாக்டர்."

சொன்ன வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் திட்டவில்லை. மகளைக் கைப்பிடித்து உட்கார வைத்தார். அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். "பாத்தீங்களா, கழுத்து கெட்டியா நிக்கணும். புடிச்சு உக்கார வெச்சா சாயாம உக்காரணும். ஸ்பூனை வெச்சா நாக்கால தள்ளக் கூடாது. இதெல்லாம் ஆறு மாசத்த ஒட்டித் தானா வரும். அது வர்ற வரைக்கும் பால் மட்டும்தான்" என்றார். நாக்கால் தள்ளுவது அடம் இல்லையாம். பாலைத் தவிர எதுவும் தொண்டைக்குள் போய்விடாமல் உடம்பு தானே வைத்திருக்கிற காவலாம். அந்தக் காவலோடு நான் ஆறு ஸ்பூன் சண்டை போட்டிருக்கிறேன்.

என் மேல் எனக்கு வந்த கோபம் அத்தனையையும் தூக்கிக்கொண்டு நேராகக் காப்பகத்துக்குப் போனேன். வாசலிலேயே உரிமையாளர் நின்றிருந்தார். அவர் எதிரில் வைத்தே ஆரம்பித்தேன். உங்கள் அக்கா ராகி கொடுக்கச் சொன்னார், என் குழந்தை இரண்டு நாளாகத் துடிக்கிறாள் என்றேன். உள்ளே இருந்து அக்கா தோளில் ஒரு குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். உரிமையாளரின் சாவிக்கொத்து நின்றுவிட்டது. அந்த வீட்டில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: சாப்பாடு விஷயத்தில் பெற்றோருக்கு யோசனை சொல்லக் கூடாது. சொன்னவர் வேலையில் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அக்கா பதறவில்லை. குழந்தையைத் தட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"அக்கா, நீங்க என்ன மாவு வாங்கினீங்க?"

"ராகி மாவு."

"சரி மாவு இல்லியா?"

"சரியான மாவுதான். நல்ல கடையிலதான் வாங்கினேன்."

"இல்லக்கா. சரி. சரி மாவு."

"அதான் சொல்றேனே, சரியான மாவுன்னு."

முதலில் சிரித்தது உரிமையாளர்தான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொல்ல, அக்கா உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் திறந்து காட்டினார். இளஞ்சாம்பல் நிறத்தில், முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி ஒரு மாவு. ராகியைக் கழுவி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்தால் உமி எல்லாம் துணியில் நின்றுவிட்டு இந்த மாவு மட்டும் கீழே இறங்குமாம். அதைக் கஞ்சியாகக் காய்ச்சினால் கன்னடத்தில் அதற்குப் பெயர்தான் சரி. ராகி சரி. பெங்களூரில் பாதிக் குழந்தைகளுக்கு முதல் சாப்பாடு அதுதான். என்ன கொடுப்பீர்கள் என்று நான் கேட்டதாக அவர் நினைத்துக்கொண்டு, ராகி சரிதான் கொடுப்போம் என்று பதில் சொல்லியிருக்கிறார். எப்போது என்று நான் கேட்கவே இல்லை.

"மேடம், அவங்க பேர்ல தப்பு இல்ல" என்றார் அக்கா உரிமையாளரிடம், எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே. "லாரி சத்தம் வேற. நான் நின்னு இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்."

தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் அவர் என் மானத்தைக் காப்பாற்றினார். அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. சரி சரி என்று மறுபடியும் அதே வார்த்தையை உளறிவிட்டு வந்தேன். மறுநாள் காலைதான், உரிமையாளரும் இருக்கும்போது, நேற்று நான் பேசியது தப்பு என்றேன். அக்கா துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். "விடுங்கக்கா, அது கெடக்குது. துவைக்காத நைட்டி ஒண்ணு கொண்டாங்க" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். "உங்க வாசனைக்கு" என்றார்.

அன்றிலிருந்து பாட்டிலுக்கு விடுமுறை. எவர்சில்வரில் மூக்கு வைத்த ஒரு சின்னச் சங்கை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தார். குளிர்பெட்டிப் பாலைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினார். என் பழைய நைட்டியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பூப்போட்ட அந்த மஞ்சள் நைட்டியோடு ஒரு காப்பகம் முழுக்க நடமாடினார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பசித்து அழ ஆரம்பித்த பிறகு கொடுப்பதில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால், குழந்தை கையைச் சப்ப ஆரம்பிக்கும்போதே மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வார். சங்கின் மூக்கை உதட்டின் ஓரத்தில் வைப்பார். ஊற்ற மாட்டார். அவளாக நாக்கை நீட்டித் தொடுகிறவரை காத்திருப்பார். முதல் நாள் அவள் ஐந்தாறு சொட்டு நக்கினாள். இரண்டாம் நாளும் அவ்வளவுதான். நான் வாசலில் உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் ஒரு காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். போனேன். பகல் பதினொன்றரைக்கு, பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், போனில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கவிழ்த்து வைத்த காலிச் சங்கு. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். திரும்பி வந்து அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு, அன்று மட்டும் பிறர் எழுதியதில் பதினேழு தப்புக் கண்டுபிடித்தேன்.

பால் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் நாற்பது நாள் தீரவில்லை. வேலைக்குப் போனதும் பால் குறைந்தது. பார்த்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆனார்கள். குழந்தை நாம் சாப்பிடுவதைப் பார்க்கிறாளே, ஏங்கிப்போவாளே, ஒரு பருப்புத்தண்ணி கொடுத்தால் என்ன என்றார் மாடி வீட்டு அம்மா. தயிரைத் தொட்டு வை என்றார் அலுவலகத் தோழி. நானும் ஊசலாடினேன். ஒரு சாயங்காலம் மகளைக் கூப்பிடப் போனபோது, ஐந்தரை மாதம் ஆகிவிட்டதே, ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டேன். இந்த முறை லாரி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட கேளுங்கக்கா. நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன்ப்பா" என்று சிரித்தார். பிறகு ஒரு வெறும் ஸ்பூனை எடுத்து என் மகளின் கீழ் உதட்டில் வைத்தார். அவள் நாக்கு வந்து அதைத் தள்ளியது. "உங்க டாக்டர் என்னா சொல்வாங்களோ தெரியாது. பாப்பா என்னா சொல்லுதுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

அதற்கப்புறம் நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதுவரை நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மகளைப் பார்க்கவில்லை. அவரோ தினம் சாயங்காலம் என்னிடம் ஒரு வரிச் செய்தி சொல்வார். இன்னிக்கு தலகாணி வெச்சு ரெண்டு நிமிஷம் உக்காந்தா. இன்னிக்கு பக்கத்துப் பையன் பிஸ்கட்ட எட்டிப் புடுங்கப் பாத்தா. இன்னிக்கு வெறும் ஸ்பூன நாக்கு தள்ளல, கடிச்சிக்கிச்சு. அந்தக் கடைசிச் செய்தி வந்த வாரத்தில்தான் ஆறு மாதமும் நிறைந்தது. மருத்துவரும் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பதினொரு குழந்தைகள் இருக்கிற அறையில் ஒரு குழந்தையின் நாக்கு என்ன செய்கிறது என்று நாற்பது நாள் ஒரு நாள் விடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. என் பிரிவில் அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

முதல் வாய் ஊட்டுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். வீட்டில் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. காப்பகத்துச் சமையலறையில் அக்கா சரி காய்ச்சினார். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் கரண்டியை எடுக்காமல் கிளறினார். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. கடைசியில் என் பாலில் கொஞ்சம் விட்டு இளக்கினார். கரண்டியிலிருந்து பட்டுத் துணி மாதிரி வழிந்தது. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். மகளை ஒரு சின்ன நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். நான் எதிரே உட்கார்ந்தேன். 

ஸ்பூனைக் கொண்டுபோனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஸ்பூனைப் பார்த்தாள், வாயை இறுக மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மா வந்தால் வருவது பால். கஞ்சியைக் கொண்டுவந்து என்ன விளையாட்டு என்கிற மாதிரி. நாலாவது தடவை அழுகைக்கு உதடு பிதுங்கியது. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீங்க குடுங்கக்கா" என்றேன்.

அவர் தயங்கினார். "வேணாங்க்கா, நாளைக்கு பாத்துக்கலாம்" என்றார். நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்து ஸ்பூனின் நுனியில் துளி எடுத்து, கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். என் மகள் உடம்பை முன்னால் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். உள்ளே போனது உள்ளேயே இருந்தது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. முகம் சுளித்தாள், யோசித்தாள், திரும்பவும் வாயைத் திறந்தாள்.

சந்தோஷம்தான். இதற்காகத்தானே இரண்டு மாதமாக உயிரை விட்டேன். இன்னொருவர் கையால் வாங்க வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. வாங்கிவிட்டாள். அப்படியும் எனக்குள் சுருக்கென்று ஒன்று தைத்தது. பொறாமை என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. அடக்கத் தெரியாமல் வாய் விட்டுச் சொல்லியும்விட்டேன்.

"மொத வாய உங்க கையாலதான் வாங்கிக்கிட்டா."

குறையாகத்தான் சொன்னேன். அவருக்கு அது புரிந்தது. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, துண்டின் நுனியால் குழந்தையின் மோவாயைத் துடைத்தார்.

"நீங்க எதிர்ல உக்காந்து பாத்தீங்கல்லக்கா" என்றார். "என் பொண்ணு மொத வாய் என்னைக்கு வாங்கினான்னே எனக்குத் தெரியாது. மூணு மாசத்துல விட்டுட்டு வேலைக்கு வந்துட்டேன். பக்கத்து வூட்ல இருக்கறவங்கதான் பாத்துக்கிட்டாங்க. ஒரு நாளு சாயங்காலம் போனா, வாயோரத்துல சோறு காஞ்சி ஒட்டியிருந்தது. அப்பதான் தெரிஞ்சிது."

அழவில்லை, பெருமூச்சு விடவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வருவது சீக்கிரம் என்று அப்போது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்ய? என்னுடைய நாற்பது நாளை நான் உலகத்தில் யாருக்கும் வராத கஷ்டமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். அந்த நாற்பது நாளும் அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்தவருக்கு இருபது வாரமும் இல்லை, இருபத்தாறு வாரமும் இல்லை. 

"இப்ப நீங்க குடுங்க. வாங்குவா" என்றார்.

என்னை மறுபடி எதிரில் உட்கார வைத்துவிட்டு அவர் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நான் ஸ்பூனை எடுத்தேன். அவர் செய்த மாதிரியே கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். மகளின் கண் என் தோளுக்கு மேலே போனது. எனக்குப் பின்னால் "ஆ" என்று ஒரு சத்தம், மூச்சு மாதிரி மெதுவாக. என் மகள் அண்ணாந்து அவரைப் பார்த்தபடியே வாயை அகலத் திறந்தாள். ஸ்பூனை உள்ளே வைத்தேன். விழுங்கினாள். திரும்பவும் அந்த "ஆ". அடுத்த வாய். அப்படி ஐந்து வாய் என் கையால் ஊட்டினேன். ஐந்து தடவையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று என் மகளுக்கு மட்டும்தான் தெரியும்.